சிங்கப்பூரில் வேலை போய்விட்டதா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றினார்கள், எங்கள் எல்லோருக்கும் ஆட்குறைப்புக் கடிதம் வந்தது. எந்த அலுவலகத்துக்குப் போவது, எதற்கு எந்தத் தேதி கெடு, எந்தத் தாள் வேண்டும் என்பதையெல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

"நம்பிக்கையை விட்டுடாதீங்க" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கையில் இருப்பது எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த நம்பிக்கையே வந்தது. அதனால் இந்த வரிசையில் வேலை தேடுவது பின்னால்தான் வரும். முதல் இரண்டு வாரம் தாள்களுக்கும் தேதிகளுக்கும் வீட்டுக் கணக்குக்கும்.

1. கையெழுத்துப் போடுமுன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

அறைக்குள் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டும்போது கை நடுங்கும். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குத் தரேன்" என்று சொல்லுங்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது, கடிதத்தில் ஆட்குறைப்பு என்று இருக்கிறதா, ராஜினாமா என்று இருக்கிறதா என்பது. "நீங்களே விலகிட்டதா எழுதிக் கொடுங்க, அடுத்த வேலைக்குப் போறப்ப மரியாதையா இருக்கும்" என்று சில இடங்களில் இதமாகச் சொல்வார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். பின்னால் கேட்கப்போகும் அரசாங்க உதவி, விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கானது. உங்கள் கையால் எழுதிய ராஜினாமா அந்தக் கதவை மூடிவிடும். "பரஸ்பர சம்மதத்துடன்" என்று எழுதியிருந்தாலும் அதன் பொருள் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து பணம். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்:

முன்னறிவிப்புக் காலம் ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால் வேலை நியமனச் சட்டம் சொல்வது பொருந்தும்: 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு 1 நாள், அதிலிருந்து 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 4 வாரம். உடனே போகச் சொன்னால் அந்தக் காலத்துக்கான சம்பளத்தைத் தர வேண்டும்.

ஆட்குறைப்பு அனுகூலத்தில்தான் பலருக்கும் குழப்பம். இவ்வளவு தொகை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்திலோ தொழிற்சங்கக் கூட்டு உடன்பாட்டிலோ எழுதியிருந்தால் கொடுத்தாக வேண்டும். எழுதவில்லை என்றால் பேசித்தான் வாங்க வேண்டும். 2 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவர்கள் கேட்கலாம். வழக்கத்தில் உள்ள அளவு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 வாரம் முதல் 1 மாதம் வரையிலான சம்பளம். அதற்குக் கீழே இருந்தால் "வழக்கமான அளவைவிட ஏன் குறைவு?" என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் இன்னொரு முறை வேலையை எடுக்க முடியாது.

மிச்சமிருக்கும் ஆண்டு விடுப்புக்கான பணம், ஒப்பந்தத்தில் இருந்தால் 13ஆம் மாதச் சம்பளத்தின் பங்கு, செலவழித்துவிட்டு இன்னும் வாங்காத தொகை ஆகியவற்றையும் பாருங்கள். நிறுவனமே வேலையை விட்டு எடுக்கும்போது கடைசிச் சம்பளத்தைக் கடைசி வேலை நாளில், அல்லது அதற்கடுத்த 3 வேலை நாளுக்குள் தர வேண்டும்.

வேலை இழப்புக்கு ஈடாகத் தரும் ஆட்குறைப்புத் தொகைக்கு வருமான வரி இல்லை. முன்னறிவிப்புக்குப் பதிலாகத் தரும் சம்பளத்துக்கு வரி உண்டு. எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதியிருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் மத்திய சேமநிதிச் சந்தா கிடையாது என்பதால் அந்த மாதம் சேமநிதிக் கணக்கில் குறைவாக ஏறினால் பதற வேண்டாம்.

கணினியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை: கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், சேவைச் சான்றுக் கடிதம், நிறுவனம் அனுப்பிய பயிற்சிகளின் சான்றிதழ்கள். கடைசி நாளுக்குப் பிறகு மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு தாள் வாங்குவது பெரும்பாடு. ஆனால் வாடிக்கையாளர் பட்டியல், நிறுவனக் கோப்பு எதையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அதையே காரணம் காட்டிப் பணத்தை நிறுத்தி வைக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

2. கெடு தேதிகளை எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்

தவறான பணிநீக்கம் என்று நினைத்தால், அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். சம்பளம், முன்னறிவிப்புப் பணம், ஒப்பந்தத்தில் உள்ள அனுகூலம் ஆகியவை வரவில்லை என்றால் 6 மாதம் வரை நேரம் உண்டு. முதலில் சமரசப் பேச்சு. அதில் முடியாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே கோரக்கூடிய உச்சத் தொகை 20,000 வெள்ளி. தொழிற்சங்கம் வழியாக முத்தரப்புச் சமரசத்துக்குப் போனவர்களுக்கு 30,000 வெள்ளி. உறுப்பினராக இருந்தால் உங்கள் சங்கத்தை முதல் வாரத்திலேயே கூப்பிடுங்கள்.

குறைந்தது 10 ஊழியர் உள்ள நிறுவனம், ஒரே ஒருவரை ஆட்குறைப்புச் செய்தாலும், அவரிடம் சொன்ன 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். "அமைச்சுக்குச் சொல்லியாச்சா?" என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

3. அன்று இரவே வீட்டில் சொல்லுங்கள்

காலையில் வழக்கம்போல் சட்டை போட்டுக் கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பும் ஆட்கள் நம் மத்தியில் உண்டு. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள், மாமனார் வீட்டில் என்ன பேசுவார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் எனக்கும் புரியும். ஆனால் மறைக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டுச் செலவு பழைய சம்பளத்துக்கு ஏற்றபடியே ஓடிக்கொண்டிருக்கும். மனைவியிடமோ கணவரிடமோ முதலில் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் "அப்பாவுக்கு இப்போ வேலை இல்லை, தேடிக்கிட்டிருக்கேன், கொஞ்ச நாள் செலவைப் பார்த்துச் செய்வோம்" என்றால் போதும். அவர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள். ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புபவர்கள், திடீரென்று நிறுத்தாமல், குறைத்த தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு தாளில் கணக்கு. கையில் உள்ள பணத்தை மாதச் செலவால் வகுங்கள். வரும் எண்தான் உங்களுக்கு இருக்கும் மாதங்கள். இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடும் நான்கு செலவுகள் உண்டு.

முதலாவது வீட்டுக் கடன். மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது என்று நிம்மதியாக இருப்போம். மாதச் சந்தா நின்ற பிறகு அந்தக் கணக்கு கரையும். மத்திய சேமநிதி இணையத்தளத்தில் நுழைந்து இருப்பைத் தவணையால் வகுத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால், தவணை தவறுவதற்கு முன்பே வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கிளைக்குப் போய்த் தவணையைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வழி கேளுங்கள். வங்கிக் கடன் என்றால் வங்கியிடம். தவறிய பிறகு கேட்பதைவிட முன்னால் கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது வருமான வரி. இங்கே போன ஆண்டு வருமானத்துக்கு இந்த ஆண்டு வரி. சம்பளம் இல்லாத நேரத்தில் முழுச் சம்பளத்துக்கான வரிக் கடிதம் வந்து நிற்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஜைரோ வழியாக 12 மாதத் தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம். அதுவும் முடியாது என்றால் கெடு தேதிக்கு முன்பே உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் நீண்ட தவணை கேளுங்கள். தாமதித்தால் 5 விழுக்காடு அபராதம்.

மூன்றாவது மருத்துவக் காப்புறுதி. நிறுவனத்தின் குழுக் காப்புறுதி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பல் சிகிச்சை, பரிசோதனை ஏதாவது இருந்தால் அதற்குள் முடியுங்கள். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் தொடரும், சேமநிதியின் மெடிசேவ் கணக்கிலிருந்து சந்தா போகும். சொந்தமாக எடுத்த காப்புறுதியைச் செலவு மிச்சம் என்று நினைத்து ரத்து செய்யாதீர்கள். மறுபடி எடுக்கும்போது வயதும் உடல்நிலையும் புதிதாகக் கணக்கில் வரும்.

நான்காவது கடன் அட்டை. ஆண்டு வட்டி 25 விழுக்காட்டைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே நிலுவை அதிகமாக இருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற லாப நோக்கற்ற அமைப்பிடம் போங்கள்.

அவசரப் பணத் தேவைக்கு நகையை அடகு வைப்பதே மற்ற வழிகளைவிட மேல் என்பது என் கருத்து. அடகுக்கடையில் வட்டி மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, மீட்க 6 மாதம் உண்டு. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், அதோடு கடன் தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம். கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பி "உடனடிக் கடன்" தருகிறேன் என்பவர்கள் உரிமம் இல்லாத ஆலோங் கும்பல். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

4. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்படாதீர்கள்

2025 ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கு 6 மாதம் வரை, மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் 1,500 வரை, அடுத்து 1,250, அடுத்து 1,000, கடைசி மூன்று மாதம் 750 வெள்ளி வீதம். குடிமக்களுக்காகத் தொடங்கிய திட்டம் இது. நிரந்தரவாசிகள் தங்களுக்கான நிலையை இணையத்தளத்தில் பாருங்கள். வயது 21 ஆகியிருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 6 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. வீட்டின் ஆண்டு மதிப்புக்கும் வரம்பு உண்டு.

சிங்பாஸ் வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் படியில் வாங்கி வைத்த ஆட்குறைப்புக் கடிதம் இங்கேதான் கைகொடுக்கும். பணம் சும்மா வராது. ஒவ்வொரு மாதமும் வேலைக்கு விண்ணப்பிப்பது, ஆலோசகரைப் பார்ப்பது, பயிற்சிக்குப் போவது என்று செய்து அதற்கான புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். மாதக் கடைசிவரை விட்டுவைத்தால் அந்த மாதத் தொகை கைநழுவிப் போகும். இடையில் டாக்சி ஓட்டவோ உணவு விநியோகிக்கவோ நினைத்தால், தொடங்குமுன் அந்த வருமானம் உதவித்தொகையைப் பாதிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் சாப்பாட்டுக்கும் மின்சாரக் கட்டணத்துக்குமே தட்டுப்பாடு என்றால் உங்கள் வட்டாரச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவி கேளுங்கள். தொலைபேசி எண் 1800-222-0000. அடையாள அட்டை, வேலை போன கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கைகள், வீட்டுக் கட்டண ரசீதுகளை எடுத்துப் போங்கள். பிள்ளைகளின் பள்ளி அலுவலகத்தில் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள்.

இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் நம் சம்பளச் சீட்டில் சிண்டா நிதிக்கு ஒரு சிறு தொகை பிடித்திருப்பார்கள். இத்தனை ஆண்டு கொடுத்தவர்கள் நாம், ஒரு முறை போய்க் கேட்பதில் என்ன குறை? பியட்டி ரோட்டில் அலுவலகம். குடும்ப சேவை, பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்பு இரண்டும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.

5. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸில் இருப்பவர்களுக்கு

இந்த வேலை அனுமதிகளில் இருக்கும் வெளிநாட்டவர்களே, உங்கள் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். கடைசி வேலை நாளுக்குப் பிறகு 1 வாரத்துக்குள் நிறுவனம் பாஸை ரத்து செய்யும். அதன்பின் 30 நாள் குறுகியகால வருகை அனுமதி. உங்கள் பாஸை ஒட்டிய குடும்பத்தாரின் சார்ந்திருப்போர் பாஸும் சேர்ந்தே ரத்தாகும்.

வரி தீர்வுதான் எதிர்பாராத அடி. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது நிறுவனம் ஐஆர் 21 படிவம் தாக்கல் செய்து, வரி தீரும்வரை கொடுக்க வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளம் உடனே கைக்கு வரும் என்று நம்பி வாடகைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் முன்கூட்டியே முறிக்கலாம் என்ற பிரிவு இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

புதிய நிறுவனம் புது பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி, வழங்கும் கட்டணம் 225. 30 நாளுக்குள் முடியாது போலிருந்தால் குடிநுழைவுச் சோதனைச்சாவடி ஆணையத்திடம் நீட்டிப்புக் கேட்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஊருக்குத் திரும்பியும் இங்குள்ள வேலைக்கு விண்ணப்பிக்கலாம், நேர்முகம் காணொளியில் நடக்கும். ஊருக்குப் போனாலே தோற்றுப்போனதாக எண்ண வேண்டாம். போய், அங்கிருந்தே வேலை வாங்கித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

6. வாழ்க்கைத்தொழில் ஆலோசகரை நேரில் பாருங்கள்

தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசியின் வேலை உதவி மையம் இ2ஐ, ஜூரோங் ஈஸ்ட் தேவன் நாயர் கழகத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பின் ஆலோசனையும் இலவசம். முன்பதிவு செய்து போங்கள். சுயவிவரத்தை அச்செடுத்துக்கொண்டு, பிடித்த இரண்டு வேலை விளம்பரங்களையும் கையில் வைத்துக்கொண்டு போனால், பொதுவான அறிவுரைக்குப் பதிலாக உங்களுக்கான பேச்சு நடக்கும். "எந்த வேலைன்னாலும் பரவாயில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்களால் எதையும் தேடித்தர முடியாமல் போகும்.

வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்களைப் பற்றி அங்கே கேளுங்கள். பெயரைப் பார்த்து வகுப்பு என்று நினைப்பார்கள். பெரும்பாலும் ஒரு நிறுவனம் உங்களை முதலில் வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்துக்கொண்டே பயிற்சியும் தரும். அரசாங்கம் அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனத்துக்குத் தரும். துறை மாற நினைக்கும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் நான் பார்க்கவில்லை. நானும் சரக்கு ஆவணத்திலிருந்து மருத்துவமனைக் கொள்முதல் பிரிவுக்கு வந்தது துறை மாறித்தான். சம்பளம் முன்னைவிடக் குறைவு. ஆனால் தாள் பார்த்து, தேதி பார்த்து, பிழை கண்டுபிடித்த பழைய பழக்கம் இங்கே தினமும் உதவுகிறது. வேலைப் பெயரை மறந்துவிட்டு, தினமும் நீங்கள் செய்த காரியங்களை எழுதிப் பாருங்கள். அவை எந்தெந்தத் துறைக்குப் பொருந்தும் என்பது அப்போதுதான் தெரியும்.

7. படிப்பு: முதலில் வேலை விளம்பரம், பிறகு வகுப்பு

பயத்தில் பலர் கிடைத்த வகுப்பில் எல்லாம் சேர்ந்துவிடுகிறார்கள். விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் ஒரு பத்தைப் படித்து, திரும்பத் திரும்ப வரும் தகுதி எது என்று பாருங்கள். அதற்கு மட்டும் படியுங்கள்.

40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை கிடைத்தது. அதற்குக் காலாவதி இல்லை, ஆனால் தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டும்தான். முழுநேரமாக நீண்ட படிப்பில் சேர்ந்தால் முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை பயிற்சிப் படித்தொகை உண்டு, வாழ்நாளில் மொத்தம் 24 மாதத்துக்கு. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே சிறப்புத்தொகைக் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது. "உங்க சிறப்புத்தொகையைப் பணமா மாத்தித் தரோம்" என்று யாராவது சொன்னால் அது மோசடி, மாட்டுவது நீங்கள்தான்.

8. தேடும் வாரத்தை ஒழுங்குபடுத்துங்கள்

அரசாங்க வேலைவாய்ப்புத் தளமான மைகேரியர்ஸ்ஃபியூச்சரில் சம்பள அளவு போட்டிருக்கும், அதனால் அங்கேதான் தொடங்குவேன். சுயவிவரம் இரண்டு பக்கம் போதும். அடையாள அட்டை எண், மதம், படம் எதுவும் வேண்டாம். பழைய வேலையை விட்ட காரணத்தை நேர்முகத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "பிரிவு மூடப்பட்டது, ஆட்குறைப்பில் வந்தேன்." பழைய முதலாளியைக் குறை சொல்லத் தொடங்கினால் நேர்முகம் அங்கேயே முடிந்துவிடும்.

விளம்பரத்தைவிடத் தெரிந்தவர் வழியாகத்தான் எனக்கு அதிகப் பதில் வந்தது. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணே" என்று அனுப்பினால் "சரி தம்பி" என்று பதில் வரும், அதோடு சரி. இப்படி அனுப்பிப் பாருங்கள்: "அண்ணே, வணக்கம். எங்க பிரிவை மூடிட்டாங்க. கொள்முதல், சரக்கு ஆவணம் இரண்டிலும் பதினைந்து வருச அனுபவம் இருக்கு. உங்க நிறுவனத்துல அந்தப் பிரிவைப் பார்க்கிறவர்கிட்ட பத்து நிமிஷம் பேச முடியுமா? வேலை கேட்க இல்லை, அங்க என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்." கேட்பது சிறியதாகவும் தெளிவாகவும் இருந்தால் மனிதர்கள் உதவுவார்கள்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் தானாக வரும் வேலைகளில், காணொளிக்கு விருப்பக்குறி போட்டால் பணம் என்பதும், முன்பணம் கட்டச் சொல்வதும் மோசடியே. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணைக் கூப்பிடுங்கள்.

9. மனம் இறங்கும் நாட்களுக்கு

நேர்முகம் நன்றாகப் போய்ப் பதிலே வராத வாரங்கள் உண்டு. அவைதான் மிகக் கடினம். காலையில் குளித்து, வீட்டை விட்டு வெளியே வாருங்கள். நூலகத்தில் குளிரூட்டியும் இணையமும் இலவசம். மதியத்தோடு வேலை தேடுவதை நிறுத்துங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, சமையல், கோயில் தொண்டு என்று மற்றவர்களுக்குப் பயன்படும் காரியம் தினமும் ஒன்றாவது இருக்கட்டும்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல் நாட்கள் நகர்ந்தால் 1771 தேசிய மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலே, அந்த நிமிடமே, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸை 1767 எண்ணில் கூப்பிடுங்கள். இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். வீட்டில் ஒருவர் வேலை இழந்திருந்தால் மற்றவர்களும் இந்த எண்களைக் கைத்தொலைபேசியில் சேமித்து வையுங்கள்.

10. புதிய வேலை கிடைத்ததும்

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே மற்ற விண்ணப்பங்களை நிறுத்துங்கள், வாய்ச்சொல்லை நம்பி அல்ல. உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் வேலை கிடைத்த தேதியை உடனே தெரிவியுங்கள், அதிகமாக வந்த தொகையைத் திருப்பித் தரும் சிக்கல் வராது. முதல் மாதச் சேமநிதிச் சந்தா அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் ஏறிவிட்டதா என்று பாருங்கள். வீட்டுக் கடன் தவணையைக் குறைத்திருந்தால் பழைய அளவுக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். தகுதிகாண் காலம் முடியும்வரை மூன்றாம் படியில் எழுதிய செலவுத் தாளின்படியே குடும்பம் நடக்கட்டும். உதவிய ஒவ்வொருவருக்கும் எந்த நிறுவனம், எந்தப் பொறுப்பு என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அடுத்து யாருக்காவது அந்த இடத்தில் ஆள் தேவைப்படும்போது அவர்கள் உங்களிடம்தான் கேட்பார்கள்.